செடிக்குள் ஒரு தபால்

மூன்று பொங்கலுக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத உட்காரும்போதெல்லாம் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், தள்ளிப் போட்டுவிடுவேன். இன்று எழுதிவிடுகிறேன்.

அப்பா போஸ்ட்மேன். நாமக்கல் பக்கத்தில் 34 வருடம் சைக்கிளில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் செடிகளுக்குள் மரபணு வைக்கும் ஒரு லேபில் பிஎச்.டி. மாணவி. என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் "பயோடெக்னாலஜி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அப்பாவிடம் அந்த வேலை நடக்காது. புரிகிற வரை விடமாட்டார்.

அன்றைக்கு அம்மா வேகவைத்த சக்கரவள்ளிக்கிழங்கைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். தோலை உரித்துக்கொண்டே அப்பாவுக்கு விளக்கினேன். மண்ணில் ஒரு பாக்டீரியா இருக்கிறது, அதற்குச் செடியின் செல்லுக்குள் டி.என்.ஏ.வை அனுப்பத் தெரியும், நாங்கள் அதனிடம் எங்கள் மரபணுவைக் கொடுத்து அனுப்புகிறோம், அது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்றேன்.

"ஓ, அப்ப அது போஸ்ட்மேன்" என்றார். "சரி, உள்ள போயி எந்த இடத்துல ஒக்காரும்?"

"அது தெரியாதுங்கப்பா. எங்கயாவது ஒக்காந்துக்கும்."

உரித்த கிழங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏங்கண்ணு, விலாசமே எழுதாமயா தபாலைப் போடறீங்க?"

நான் சிரித்தேன். அதெல்லாம் பரவாயில்லைங்கப்பா, நிறையச் செடியில் போடுவோம், நன்றாக வந்ததை எடுத்துக்கொள்வோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த பாக்டீரியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் அக்ரோபாக்டீரியம். செடிகளின் தண்டும் வேரும் சேரும் இடத்தில் கட்டி கட்டியாகக் கழலை வரும் ஒரு நோய்க்கு அதுதான் காரணம் என்று 1907ல் அமெரிக்காவில் எர்வின் ஸ்மித்தும் டவுன்செண்டும் காட்டினார்கள். 1940களில் ஆர்மின் பிரான் என்பவர் விநோதமான ஒன்றைக் கவனித்தார். கழலையில் இருக்கும் பாக்டீரியாவை முழுக்கக் கொன்ற பிறகும் கழலை வளர்ந்துகொண்டே இருந்தது. வந்தவர் போய்விட்டார், ஆனால் எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது என்ன?

1974ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் ஜெஃப் ஷெல், மார்க் வான் மாண்டேகு குழுவினர் இந்த பாக்டீரியாவுக்குள் ஒரு பெரிய வளைய டி.என்.ஏ.வைக் கண்டுபிடித்தார்கள். அந்த பிளாஸ்மிட் இல்லாவிட்டால் கழலை வராது. 1977ல் சியாட்டில் நகரில் மேரி-டெல் சில்டனும் உடன் வேலை செய்தவர்களும், அந்த வளையத்தின் ஒரு சிறு துண்டு செடியின் செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று நிரூபித்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், பாக்டீரியாவின் டி.என்.ஏ. செடிக்குள் போகிறது என்ற பேச்சை சில்டன் முதலில் நம்பவே இல்லை என்பதுதான். அது தப்பு என்று காட்டத்தான் வேலையில் இறங்கினார். காட்டப் போனவருக்குக் கிடைத்தது எதிர்ப்பக்கத்துச் சாட்சி. அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அது செய்யும் வேலையைக் கேட்டால் திருடன் கதை மாதிரி இருக்கும். செடியில் காயம் பட்டால் அந்த இடத்தில் சில பொருட்கள் கசியும். பாக்டீரியா அந்த வாசனையைப் பிடித்துக்கொள்கிறது. உடனே தன் பிளாஸ்மிட்டிலிருந்து இரண்டு எல்லைக்கோடுகளுக்கு நடுவில் உள்ள துண்டை வெட்டி எடுக்கிறது. ஒவ்வொரு எல்லைக்கோடும் 25 எழுத்து நீளம். வெட்டிய இழையின் தலையில் ஒரு புரதம் ஒட்டிக்கொள்ளும், அதுதான் வழித்துணை. இழை ஒரு குழாய் வழியாகச் செடியின் செல்லுக்குள் போய், நியூக்ளியஸ் வரை சேர்ந்து, குரோமோசோமோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தத் துண்டில் செடியின் ஹார்மோன்களைச் செய்யும் மரபணுக்கள் இருக்கின்றன. அதனால்தான் கழலை. கூடவே இந்த பாக்டீரியா விரும்பிச் சாப்பிடும் ஒரு வகைப் பொருளைச் செய்கிற மரபணுவும் இருக்கிறது. ஆக, அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து தனக்கு ஒரு சமையலறை கட்டிக்கொள்கிறது!

எல்லைக்கோடுகளுக்கு நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. கழலை மரபணுக்களை எடுத்துவிட்டு வேறு எதை வைத்தாலும் அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கும். 1983ல் கெண்ட் குழு, சில்டன் குழு, மான்சாண்டோ நிறுவனத்தில் ராபர்ட் ஃப்ரேலி இருந்த குழு என்று பலர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைச் செய்து காட்டினார்கள். வான் மாண்டேகு, சில்டன், ஃப்ரேலி மூவருக்கும் 2013ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

சரி, என் கதைக்கு வருவோம்.

எங்கள் லேபில் அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியை வளர்க்கிறோம். கடுகு குடும்பம். பார்த்தால் களை என்று பிடுங்கிப் போட்டுவிடுவீர்கள். ஆனால் உலகத்தில் செடி ஆராய்ச்சி செய்கிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று தோன்றும். இதில் மரபணு வைப்பது, 1998ல் வெளியான ஒரு முறைக்குப் பிறகு, ரொம்பச் சுலபம். பூத்த செடியைத் தலைகீழாகப் பிடித்து, பாக்டீரியா கலந்த சர்க்கரைத் தண்ணீரில் சில நொடிகள் முக்கி எடுக்க வேண்டும். அவ்வளவுதான். பூவுக்குள் இருக்கும் சூலில் பாக்டீரியா தன் வேலையைச் செய்துவிடும். அந்தப் பூவின் விதைகளை ஆன்டிபயாடிக் கலந்த அகரில் தூவினால், புது மரபணு வாங்கிக்கொண்ட விதைகள் மட்டும் பச்சையாக நிற்கும். மற்றவை வெளுத்துப் போகும். நூறில் ஒன்று நின்றாலே எங்களுக்கு நல்ல நாள்.

நெல்லிலிருந்து எடுத்த ஒரு மரபணுவை வைத்தால் செடி உப்பைத் தாங்குமா என்பது என் கேள்வி. எனக்கு 11 வரிசைச் செடிகள் கிடைத்தன. அவற்றின் விதைகளை உப்பு கலந்த அகரில் போட்டேன். ஏழாம் நம்பர் மட்டும் ஜம்மென்று நின்றது. பக்கத்தில் சாதாரணச் செடி வெளுத்துச் செத்துக் கிடக்க, இது பச்சைப் பசேல் என்று இலை விட்டிருந்தது. மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்று முறையும் அதே முடிவு. புகைப்படம் எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்பினேன். கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினேன். கட்டுரையின் முதல் வரைவும் தயார்.

மற்ற பத்தும் ஏன் நிற்கவில்லை? இந்தக் கேள்வி எனக்கு வராமல் இல்லை. வந்தது. "அவற்றில் மரபணு சரியாக வேலை செய்யவில்லை போல" என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். அது உண்மையில் நடக்கக்கூடியதும்கூட. விழுந்த இடத்தைப் பொறுத்து ஒரு மரபணு உரக்கவும் பேசலாம், வாயே திறக்காமலும் இருக்கலாம். ஆனால் நான் அதைச் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு ஏழாம் நம்பர் பிடித்துப் போயிருந்தது, அதனால் சொன்னேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள், கட்டுரையில் ஒரு படம் குறைகிறதே என்று, ஏழாம் நம்பரில் எங்கள் மரபணு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தேன். உட்கார்ந்த துண்டிலிருந்து பக்கத்து எழுத்துகளை நோக்கிப் படித்துக்கொண்டே போனால் விலாசம் தெரிந்துவிடும். தெரிந்தது. செடியின் சொந்த மரபணு ஒன்றின் நட்டநடுவில் போய் விழுந்திருந்தது. விழுந்ததில் அந்த மரபணு உடைந்து போயிருந்தது.

அப்போதுதான் அப்பாவின் கேள்வி வேறு மாதிரி கேட்டது.

உப்பைத் தாங்குவது நான் கொடுத்த நெல் மரபணுவாலா, அல்லது நான் தெரியாமல் உடைத்துவிட்ட செடியின் மரபணுவாலா? கடிதத்தில் எழுதியிருந்த விஷயமா, கடிதத்தை எறிந்ததில் உடைந்த ஜன்னலா?

ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. இதை எழுதத்தான் இத்தனை நாள் வெட்கப்பட்டேன். அந்தப் படம் இல்லாமலேயே கட்டுரையை அனுப்பிவிடலாம், எத்தனையோ கட்டுரைகளில் இடம் எது என்றே சொல்வதில்லை, யாரும் கேட்கப் போவதில்லை என்றெல்லாம் யோசித்தேன். ஆகஸ்டில் இன்னொரு முறை அதே விதைகளை உப்பில் போட்டேன். எதற்காகப் போட்டேன் என்று தெரியவில்லை. அது திரும்பவும் பச்சையாக நின்றது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பத்தாம் நாள் என் கைடு மேடத்திடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேற யாராவது கண்டுபிடிக்கறதுக்கு முன்னால நீயே கண்டுபிடிச்சே. அது போதும். விதைக்கு எழுதிப் போடு" என்றார்.

எந்த விதைக்கு? விலாசம் இல்லாமல் தபால் போடுவதில் ஒரு நன்மையும் இருக்கிறது. லட்சக்கணக்கில் போட்டால் ஏறக்குறைய எல்லா வீட்டு ஜன்னலும் ஒரு முறையாவது உடையும். அமெரிக்காவில் சால்க் நிறுவனத்தில் இதையே ஒரு திட்டமாகச் செய்தார்கள். அராபிடாப்சிஸில் டி.என்.ஏ. துண்டு விழுந்த 88,000க்கும் மேற்பட்ட இடங்களைக் குறித்து 2003ல் பட்டியல் வெளியிட்டார்கள். எந்த மரபணு உடைந்த செடி வேண்டும் என்று கேட்டால், ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் விதை மையத்திலிருந்து விதை வரும். எனக்கு அதே மரபணு உடைந்த, ஆனால் நெல் மரபணு இல்லாத செடி வேண்டும். அனுமதியெல்லாம் வாங்கி விதை வந்து சேர மூன்று மாதம் ஆனது. சின்ன உறையில் தபாலில்தான் வந்தது :-)

அந்தச் செடியும் உப்பைத் தாங்கியது. ஏழாம் நம்பர் அளவுக்கே தாங்கியது. நெல்லுக்கு இதில் வேலையே இல்லை. கருத்தரங்குச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். வரைவு இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அழிக்கவில்லை.

பிறகு நான் கேட்க ஆரம்பித்த கேள்வி இதுதான்: ஏன் விலாசம் எழுத முடியாது? பாக்டீரியாவுக்கு அந்தத் திறமை இல்லையா?

படித்துப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. 1995ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பால் ஹூய்காஸ் குழுவினர் இதே பாக்டீரியாவை வைத்து ஈஸ்ட்டுக்குள் டி.என்.ஏ. அனுப்பினார்கள். ஈஸ்ட்டின் ஒரு பகுதியை ஒத்த எழுத்துகளைத் துண்டோடு சேர்த்து அனுப்பியபோது, அது நேராக அந்தப் பகுதியிலேயே போய் உட்கார்ந்தது. அதே போஸ்ட்மேன், அதே மாதிரிக் கடிதம். ஈஸ்ட் விலாசத்தைப் படித்துப் பார்த்து வாங்கிக்கொள்கிறது. செடி படிப்பதில்லை. தன் குரோமோசோமில் எங்கேயாவது உடைசல் இருந்தால், கையில் கிடைத்த துண்டை வைத்து அவசரமாக ஒட்டிவிடுகிறது. இந்த ஒட்டுவேலையில் பாலிமரேஸ் தீட்டா என்ற நொதிக்கு முக்கியப் பங்கு இருப்பதாக 2016ல் அதே லெய்டன் நகரத்தார் காட்டினார்கள். ஆக, தப்பு போஸ்ட்மேன் மேல் இல்லை. அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவருக்குப் பரம திருப்தி.

செடியில் சரியான இடத்தில் வைக்கவே முடியாது என்றும் இல்லை. 1988ல் புகையிலை செல்களில் செய்து காட்டினார்கள். ஆயிரக்கணக்கில் ஒன்றுதான் சரியாக விழுந்தது. 2002ல் ஜப்பானில் டெராடா, ஈடா குழுவினர் நெல்லில் செய்தார்கள். தவறான இடத்தில் விழுந்த செல்கள் தாமாகவே செத்துப்போகும்படி ஒரு விஷ மரபணுவைத் துண்டின் இரண்டு ஓரங்களிலும் வைத்து அனுப்பினார்கள். அப்படி வடிகட்டிய பிறகும் மிஞ்சியதில் நூறில் ஒன்றுதான் சரியான இடம்.

வழியைத் திறந்தது வேறு ஒரு யோசனை. உடைசல் இருக்கும் இடத்தில்தானே செடி ஒட்டுகிறது? அப்படியென்றால் நமக்கு வேண்டிய இடத்தில் நாமே உடைத்தால்? 1990களில் ஜெர்மனியின் ஹோல்கர் புக்டா இதைச் செய்து பார்த்தார். குறிப்பிட்ட இடத்தை மட்டும் வெட்டும் ஒரு நொதியை உள்ளே விட்டபோது, சரியான இடத்தில் ஒட்டுவது சுமார் நூறு மடங்கு கூடியது. ஆனால் அந்த நொதிக்கு ஒரே ஒரு விலாசம்தான் தெரியும். எந்த விலாசத்தையும் எழுதிக்கொடுக்கலாம் என்ற வசதி 2012ல் கிரிஸ்பரோடு வந்தது. அதற்காக டவுட்னாவுக்கும் ஷார்ப்பான்டியேவுக்கும் 2020ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். செடிகளில் 2013லேயே அது வேலை செய்தது.

கிரிஸ்பரை அப்பாவுக்கு விளக்குவது சுலபமாக இருந்தது. அது பின்கோடு. 1972ல் நம் நாட்டில் பின்கோடு வந்தபோது ஆறு இலக்கம். ஆறு இலக்கத்தில் பத்து லட்சம் எண்கள் எழுதலாம், நாட்டுக்குப் போதும். கிரிஸ்பரின் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வில் 20 எழுத்து. நான்கே எழுத்துகளை வைத்து 20 இடம் நிரப்பினால் ஒரு லட்சம் கோடிக்கும் மேல் வரும். அராபிடாப்சிஸின் மொத்த டி.என்.ஏ.வே சுமார் 13.5 கோடி எழுத்துதான். கவனமாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஒரு வீட்டுக்குப் போகிற பின்கோடு எழுதிவிடலாம்.

எழுதிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. வெட்டிய உடனே செடி நம் துண்டுக்காகக் காத்திருப்பதில்லை. வெட்டுண்ட இரண்டு முனைகளையும் பிடித்துத் தானே ஒட்டிவிடும். ஒட்டும்போது ஓரிரு எழுத்து விட்டுப்போகும், அல்லது கூடும். ஒரு மரபணுவை உடைக்க இது போதும். அதனால்தான் உடைப்பதும் சிறு திருத்தங்களும் சுலபமாகிவிட்டன. 2025 மே மாதம் இந்தியாவில் அறிவித்த கமலா, பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்ற இரண்டு நெல் ரகங்களும் இந்த வகைதான், வெளி மரபணு எதுவும் வைக்கப்படாதவை. அந்த வகைக்கு 2022ல் மத்திய அரசு பல விதிகளிலிருந்து விலக்கும் கொடுத்தது. வெளியிலிருந்து முழு மரபணுவைக் கொண்டுபோய்ச் சொன்ன இடத்தில் உட்கார வைப்பது இன்றைக்கும் கஷ்டம்தான். விதியிலும் அது பழைய மரபணு மாற்றப் பயிர்களோடுதான் சேரும்.

நான் இரண்டு வருடமாகச் செய்வது அந்தக் கஷ்டமான வேலை. அதே நெல் மரபணு, ஆனால் இந்த முறை பக்கத்தில் யார் வீட்டு ஜன்னலும் இல்லாத இடமாகப் பார்த்து. முட்டை செல்லில் மட்டும் வெட்டும்படி அமைத்த செடியை முதலில் தயார் செய்துகொண்டு, பிறகு அதன் பூவை முக்குகிறேன். வெட்டும் கருவியைச் செடிக்குள் கொண்டுபோகவும் அதே பழைய பாக்டீரியாதான். அதாவது, விலாசம் எழுதிய கடிதத்தை அனுப்பவும் முதலில் விலாசம் இல்லாத ஒரு கடிதம் போட வேண்டியிருக்கிறது. நல்லவேளை, அது அடுத்த தலைமுறையில் நான்கில் ஒரு செடியிலிருந்து கழன்றுவிடும். அப்படிப்பட்ட செடியைத் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

நானூறு செடிகளுக்கு மேல் பார்த்தேன். இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்தியிருந்தவை இரண்டு. முதல் செடியில் இரண்டு பக்கமும் சரி என்று பி.சி.ஆர். காட்டிய அன்று சந்தோஷப்படவில்லை. மரபணு வேறு எங்கேயாவது இன்னொரு பிரதி விழுந்திருக்கிறதா என்று தேடினேன். விழுந்திருந்தது. அதைக் கழற்ற இன்னொரு தலைமுறை ஆனது. முன்பு எனக்குப் பிடித்த முடிவு வந்தால் வேலையை நிறுத்திவிடுவேன். இப்போது பிடித்த முடிவு வந்தால்தான் வேலையை ஆரம்பிக்கிறேன். நம்பாமல் இறங்கிய சில்டனைப் போல ஆகிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவர் ஒன்பது நாள் ஒளித்து வைத்திருக்க மாட்டார்.

அந்த இரண்டு செடிகளும் உப்பைத் தாங்குகின்றனவா? கொஞ்சம். சாதாரணச் செடியைவிடக் கொஞ்சம் மேல், ஏழாம் நம்பரைவிட ரொம்பக் கீழ். புகைப்படத்தில் பெரிதாகத் தெரியாது. அம்மாவுக்கு அனுப்பவில்லை. ஆனால் அந்தக் கொஞ்சம் நெல் மரபணுவால் வந்தது என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது திரும்பவும் கிழங்கு வெந்தது. அப்பாவுக்குச் சொல்ல எனக்கு ஒரு சேதி இருந்தது. 2015ல் கெண்ட் நகரத்துக்காரர்களும் பெரு நாட்டின் லிமாவில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி மையத்தினரும் சேர்ந்து, பயிர் செய்யப்படும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு 291 வகைகளைச் சோதித்தார்கள். அத்தனையிலும் அக்ரோபாக்டீரியம் விட்டுப்போன டி.என்.ஏ. இருந்தது. நெருங்கிய காட்டு உறவுகளில் அது இல்லை. மனிதன் லேப் கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த பாக்டீரியா தபால் போட்டிருக்கிறது. செடியும் வைத்துக்கொண்டது. நிலக்கடலையிலும் தேயிலையிலும்கூட இப்படிப் பழைய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன.

இதைச் சொல்லி, பார்த்தீர்களா, நாங்கள் செய்வதும் இயற்கைதான் என்று முடித்துவிடலாம். அப்படிப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. அந்தக் கிழங்குக்குக் கிடைத்த கடிதத்தைக் காலம் சரிபார்த்தது. கெட்ட இடத்தில் விழுந்தவை அழிந்துபோயிருக்கும், நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்ததை மட்டும்தான். எனக்கு அவ்வளவு காலம் இல்லை. பிஎச்.டி. உதவித்தொகை ஐந்து வருடம்தான். அதனால் போட்ட தபால் எங்கே போய்ச் சேர்ந்தது என்று நானே போய்ப் பார்க்க வேண்டும்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கையிலிருந்த கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏதோ ஒரு காலத்துல யாரோ போட்ட தபாலு, நம்ம ஊட்டு அடுப்புல வேகுது" என்றார். பிறகு, "சரி கண்ணு, உன் தபாலு போய்ச் சேந்துதா?"

"ரெண்டு சேந்துதுங்கப்பா. நானூறுல."

34 வருடம் ஒரு ரிஜிஸ்டர் தபாலைக்கூடத் தவறவிடாத மனிதர் அவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கையெழுத்து வாங்கினயா?" என்றார்.

வாங்கினேன்.